பரிசலும் பரிசிலும்

பெங்களூர்லேர்ந்து சேலம் பக்கம் வண்டி ஓட்டற மக்களே, ஒரு கேள்வி. தர்மபுரி தாண்டி ஏழெட்டு கிலோமீட்டர்ல 'அதியமான்கோட்டை'ன்னு ஒரு போர்டு வருமே, அதைப் பார்த்துட்டு எத்தனை தடவை வண்டியை நிறுத்தி இருக்கீங்க?

என் கணக்கைச் சொல்லிடறேன். பொறந்து வளர்ந்தது தர்மபுரி பக்கம். பொழப்புக்காக பெங்களூர் போயி இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. தீபாவளி, பொங்கல், கல்யாணம், காதுகுத்துன்னு அந்த ரோட்டுல போனதும் வந்ததும் இருநூறு தடவையாவது இருக்கும். அந்த ஊருக்குள்ள இறங்கினது? சின்ன வயசுல பாட்டி கையைப் பிடிச்சுக்கிட்டு காலபைரவர் கோயிலுக்குப் போனதோட சரி. அப்புறம் ஜீரோ.

ஆனா பெருமை பேசறதுல மட்டும் குறைச்சலே இல்லை. ஆபீஸ்ல யாராவது "எந்த ஊரு?"ன்னு கேட்டா, "அதியமான் ஆண்ட ஊருங்க, ஒளவைக்கு நெல்லிக்கனி கொடுத்தாரே அவரோட ஊரு"ன்னு பீத்திக்குவேன். இதைக் கேட்டுக் கேட்டு காது புளிச்ச ஒரு நண்பர் (மதுரைக்காரர், சும்மா விடுவாரா?) ஒருநாள் சொன்னார்: "பாஸ், இந்த வாரக்கடைசி ஃப்ரீ தான். வாங்க, உங்க அதியமான் கோட்டையைக் காட்டுங்க."

எனக்கு பக்குன்னு ஆயிடுச்சு.

ஏன்னா, வெளியூர்க்காரங்க வந்தா நாங்க கூட்டிட்டுப் போற இடம் ஒண்ணே ஒண்ணுதான். ஒகேனக்கல். பரிசல் சவாரி, எண்ணெய்க் குளியல், வறுத்த மீன், அருவி முன்னாடி நாலு போட்டோ. சாயங்காலம் ஆறு மணிக்கு 'தர்மபுரி மாவட்டம் பார்த்தாச்சு'. ஒகேனக்கல்லைக் குறை சொல்லலை, சாமி. காவிரி அங்க புகை மாதிரி எழும்பறதைப் பார்க்கறது ஒரு வரம்தான். கன்னடத்துல அந்தப் பேருக்கே புகையும் கல்லுன்னுதான் அர்த்தம். ஆனா அந்த ஒரு அருவியோட நிழல்ல மாவட்டமே மறைஞ்சு போச்சு. உள்ளூர்க்காரன் எனக்கே மறைஞ்சு போச்சே, அதைச் சொல்றேன்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

அதியமான்கோட்டைக்குப் போயி இறங்கினதும் நண்பர் கேட்ட முதல் கேள்வி: "கோட்டை எங்க?"

நியாயமான கேள்விதானே? கிருஷ்ணகிரியில மலை மேல கோட்டை இருக்கு, ராயக்கோட்டையில இருக்கு, தூரத்துலேர்ந்தே தெரியும். இங்க அப்படி நிமிர்ந்து பார்க்க மதில் கிடையாது. அகழி கிடையாது, கொத்தளம் கிடையாது. அரசாங்கம் கட்டின 'அதியமான் கோட்டம்' இருக்கு. உள்ள அதியமானுக்கும் ஒளவைக்கும் சிலை இருக்கு. அதைப் பார்த்துட்டு நண்பர் "இது நம்ம காலத்துக் கட்டடம் ஆச்சே"ன்னு உதட்டைப் பிதுக்கிட்டார். எனக்கு மானம் போச்சு.

நாங்க போனது தேய்பிறை அஷ்டமி அன்னிக்கு. திட்டம் போட்டெல்லாம் போகலை, அமைஞ்சு போச்சு. பார்த்தா ஊர் முழுக்க ஜனம். பஸ்ஸுல, வேன்ல, பைக்குலன்னு வந்து குவியறாங்க. கையில சாம்பல் பூசணிக்காய். அதை ரெண்டா வெட்டி, குடைஞ்சு, எண்ணெய் ஊத்தி விளக்கேத்தறாங்க. எல்லாம் காலபைரவருக்கு. சேலம், ஓசூர், கர்நாடகா பக்கத்துலேர்ந்தெல்லாம் வர்றாங்க. நம்ம 'சுற்றுலாப் பயணி' கண்ணுல படாத ஊருக்கு இத்தனை கூட்டமான்னு நண்பர் வாயைப் பிளந்துட்டார்.

அப்பதான் எனக்கு ஒண்ணு உறைச்சுது. நாம 'யாரும் போகாத இடம்'னு சொல்றது பாதி நேரம் தப்பு. நாம போகாத இடம், அவ்வளவுதான். உள்ளூர் ஜனம் தலைமுறை தலைமுறையா போயிட்டுத்தான் இருக்கு. அவங்களுக்கு அது சுற்றுலா இல்லை. வேண்டுதல், நேர்த்திக்கடன், மாசாமாசம் பழக்கம். அதனால எந்த ஊருக்குப் போனாலும் "இங்க பார்க்க என்ன இருக்கு?"ன்னு கேட்கக் கூடாது. அப்படிக் கேட்டா, வெளியூர்க்காரனுக்குப் பிடிக்கும்னு அவங்க நினைக்கிறதைச் சொல்லுவாங்க. "நீங்க எங்க போவீங்க, எந்தக் கிழமை போவீங்க?"ன்னு கேட்கணும். வேற பதில் வரும்.

பூ வித்துட்டு இருந்த ஒரு பெரியவர்கிட்ட அப்படித்தான் பேச்சுக் கொடுத்தேன்.

"ஐயா, கோட்டை கோட்டைங்கறாங்களே, எங்கய்யா இருக்கு?"

அவர் என்னை மேலயும் கீழயும் பார்த்தார். "நீ நின்னுட்டு இருக்கறதே கோட்டைதான் தம்பி. ஊரு பேரே கோட்டைன்னா வேற எங்க போயித் தேடற?"

நண்பர் சிரிச்சார். பெரியவர் சிரிக்கலை. "பைரவரைப் பார்த்துட்டு ஓடிப் போயிடாதீங்க. சென்றாயப் பெருமாளைப் பாருங்க. பெருமாளைக் கும்பிட்டுட்டு தலையைத் தூக்கி மேல பாருங்க"ன்னார்.

தலையைத் தூக்கி மேல பார்த்தோம்.

மகாமண்டபத்து விதானத்துல ஓவியம். ராமாயணக் காட்சி, பாரதக் காட்சின்னு கட்டம் கட்டமா போகுது. சில இடத்துல நிறம் பளிச்னு இருக்கு. சில இடத்துல உதிர்ந்துபோய் ஒரு கை, ஒரு வில், ஒரு தேர்ச்சக்கரம் மட்டும் மிச்சம். பாதி அழிஞ்ச படத்தைப் பார்த்து "இது யாரு, அர்ஜுனனா?"ன்னு கேட்டு, நாங்களே பதில் சொல்லிக்கிட்டு, கழுத்து வலிக்கற வரைக்கும் நின்னோம். நண்பர் 'கோட்டை எங்க'ன்னு கேக்கறதை அதோட விட்டுட்டார்.

சாமி பேரைக் கவனிங்க. சென்றாயர். ஆந்திராவுல, கர்நாடகாவுல 'சென்னராய'ன்னு இருக்காரே, அதே பெருமாள்தான். எங்க ஊரு அப்படி. தமிழ், கன்னடம், தெலுங்கு மூணும் ஒரே சந்தையில பேரம் பேசும். மைசூர் மேட்டு நிலத்துலேர்ந்து இறங்கி வர்ற பாதை, தொப்பூர் கணவாய்க்குள்ள நுழைஞ்சு சேலம் போறதுக்கு முன்னாடி இந்தச் சமவெளியில ஓடுது. கோட்டை இங்க எதுக்குன்னு கேட்டா எனக்குத் தோணற பதில் இதுதான். வழியைப் பிடிச்சவன் ஊரைப் பிடிச்சான்.

இப்ப அதியமானுக்கு வருவோம். வீட்டுக்குத் திரும்பின அப்புறம் ரெண்டு மூணு மாசம் புத்தகமும் கையுமா உட்கார்ந்தேன். உட்கார்ந்தா, 'நெல்லிக்கனி கொடுத்த அதியமான்'ங்கற நம்ம ஒத்தை வரிப் பெருமை எவ்வளவு சின்னதுன்னு தெரிஞ்சுது.

அசோகர் தன்னோட ரெண்டாம் பாறைக் கல்வெட்டுல, மனுஷங்களுக்கும் கால்நடைகளுக்கும் வைத்தியம் ஏற்பாடு பண்ணினதைச் சொல்லும்போது, எல்லைக்கு அப்பால இருக்கிறவங்கன்னு ஒரு பட்டியல் கொடுக்கறார். சோழர், பாண்டியர், கேரளபுத்திரர். கூடவே சதியபுத்திரர். முதல் மூணு பேரும் யாருன்னு தெரியும். நாலாவது ஆள் யாருன்னு ரொம்ப காலத்துக்கு அறிஞர்களுக்குள்ள அடிதடி. ஆளுக்கொரு இடத்தைச் சொன்னாங்க.

1981ல திருக்கோவிலூர் பக்கத்துல ஜம்பைங்கற ஊர்ல, ஒரு குன்றுல இருக்கிற குகையில தமிழ் பிராமி எழுத்து கண்டுபிடிச்சாங்க, தமிழ்நாடு தொல்லியல் துறைக்காரங்க. ஒரே ஒரு வரி. சதியபுத்திரனான அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த படுக்கைன்னு அர்த்தம். அவ்வளவுதான், மேட்டர் ஓவர். அசோகர் சொன்ன நாலாவது ஆளு நம்ம ஊர்க்காரர்! சேர சோழ பாண்டியரோட ஒரே வரிசையில வெச்சுப் பேசப்பட்ட குலம். நாம 'குறுநில மன்னர்'னு ஒரு மார்க் கேள்வியில முடிச்சுட்டோம்.

இன்னொரு வேடிக்கை. ஜம்பை இருக்கிறது திருக்கோவிலூர் பக்கம்னு சொன்னேன் இல்லையா? அதுதான் சங்கப் பாட்டுல வர்ற கோவலூர். அதியமான் கோவலூரை ஜெயிச்சதைப் பரணர் பாடினார்னு புறநானூறு 99ம் பாட்டுல ஒளவை சொல்றாங்க. பாட்டு ஒண்ணு சொல்லுது. ரெண்டாயிரம் வருஷம் கழிச்சு, அதே ஊருக்குப் பக்கத்துல கல்லு "ஆமாம்"னு சொல்லுது. எனக்கு நிஜமாவே புல்லரிச்சுது. அதே பாட்டுலதான் அதியமானோட முன்னோர் கரும்பைக் கொண்டுவந்தவங்கன்னும் வருது. பாலக்கோடு பக்கத்துக் கரும்புக் காட்டுல திருடித் தின்னு அடி வாங்கினவன் நான். அப்ப இது தெரிஞ்சிருந்தா 'எங்க ராஜா கொண்டு வந்ததுதானே'ன்னு வாதாடியிருக்கலாம் :-)

இது ஒரு அதியமான் கதை. ஆனா அதியமான் ஒரு ஆள் இல்லை, ஒரு வரிசை.

சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை அடிச்சு நொறுக்கினான். தகடூர்னா இன்னிக்கு தர்மபுரி. பதிற்றுப்பத்துல எட்டாம் பத்து முழுக்க அந்தச் சேரனைப் பத்தி அரிசில் கிழார் பாடினதுதான். அந்தப் போரைப் பத்தியே 'தகடூர் யாத்திரை'ன்னு ஒரு நூல் இருந்திருக்கு. அது முழுசா கிடைக்கலை. உரைகள்லயும் புறத்திரட்டுலயும் சிதறின சில பாட்டுகள்தான் மிச்சம். பெருமாள் கோயில் விதானம் மாதிரியே ஒரு கை, ஒரு வில்.

சரி, தகடூர் விழுந்ததோட குலம் முடிஞ்சுதான்னா, இல்லை. இதே ஹைவேல கீழ போனா நாமக்கல். ஆஞ்சநேயரைப் பார்க்க எல்லாரும் போறோம். அந்த மலையோட இன்னொரு பக்கம் ரங்கநாதர் குடைவரை இருக்கு. எட்டாம் நூற்றாண்டுல அதைக் குடைஞ்சது குணசீலன்ங்கற அதியர் குலத்து அரசன். கோயிலுக்கே 'அதியேந்திர விஷ்ணு கிருகம்'னு தன் குலத்துப் பேரை வெச்சிருக்கான். பன்னிரண்டாம் நூற்றாண்டு ஆரம்பத்துல தலைக்காட்டுல சோழருக்காக நின்ன ஒரு அதியமானை, ஹொய்சள விஷ்ணுவர்த்தனனோட தளபதி கங்கராஜன் ஜெயிச்சு விரட்டறான். மூன்றாம் குலோத்துங்கன் காலத்துல (1178-1218) தகடூரை ஆண்ட விடுகாதழகிய பெருமாள், போளூர் பக்கம் திருமலையில இருக்கிற சமண யட்சன், யட்சி சிலைகளைச் சீர்பண்ணி வெச்சதாக் கல்வெட்டு சொல்லுது. அதுல ஒரு விஷயம்: அந்தச் சிலைகளை முதல்ல செஞ்சு வெச்சது வஞ்சியைச் சேர்ந்த எழினின்னு எழுதி, அவன் வம்சம் நான்னு சொல்லிக்கறான்.

அசோகர்லேர்ந்து எண்ணினா ஆயிரத்து நானூறு வருஷம் வருது. எல்லாரும் ஒரே ரத்தம்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா அத்தனை நூற்றாண்டும் 'நான் அதியமான்'னு சொல்லிக்கறதுல ஒரு மரியாதை இருந்திருக்கு. அந்தப் பேரை விட மனசு வரலை. சைவமோ வைணவமோ சமணமோ, எந்தக் கோயில்ல வேலை பார்த்தாலும் பேரை எழுதி வெச்சுட்டுப் போயிருக்காங்க.

அப்ப அதியமான்கோட்டை எந்த அதியமானோட கோட்டை? ஒளவையோட சிநேகிதனா, அவனுக்கு ஆயிரம் வருஷம் பின்னாடி வந்தவனா? ஊர்ல கேட்டா, காலபைரவர் அதியமானோட குலதெய்வம், போருக்குப் போறதுக்கு முன்னாடி இங்கதான் கும்பிடுவான்னு சொல்றாங்க. எந்த அதியமான்னு கேட்டா சிரிக்கறாங்க. அவங்களுக்கு ஒரே அதியமான்தான். ஆயிரம் வருஷத்தையும் ஒரே ஆளா சுருட்டி, பேரை மட்டும் பத்திரமா வெச்சிருக்காங்க. மதில் போச்சு, புத்தகம் போச்சு, பேரு போகலை. பூக்காரப் பெரியவர் சொன்னது இப்பத்தான் புரிஞ்சுது. ஊரு பேரே கோட்டைன்னா வேற எங்க போயித் தேடற?

ரெண்டாம் தடவை நான் தனியா போனேன். இந்தத் தடவை தர்மபுரி டவுனையும் சேர்த்துக்கிட்டேன். கோட்டைக் கோயில் (மல்லிகார்ஜுனர், காமாட்சி அம்மன்) நான் ஸ்கூல் படிக்கும்போது பரீட்சைக்கு முன்னாடி மட்டும் போற கோயில். நுளம்பர் காலத்துக் கோயில்னு அப்ப யாரு சொன்னா? அங்க தரையைத் தொடாம நிக்கற தொங்கும் தூண் இருக்கு. அடியில பேப்பரை விட்டு அந்தப் பக்கம் எடுக்கலாம், சின்ன வயசுல அது ஒரு விளையாட்டு. அம்மன் சன்னதி அடித்தளத்தைச் சுத்தி உள்ளங்கை அகலத்துக்கு ராமாயணச் சிற்பம் வரிசையா ஓடறதை இந்தத் தடவைதான் குனிஞ்சு பார்த்தேன். அதியமான்கோட்டையில ராமாயணத்துக்குத் தலையைத் தூக்கணும், இங்க முட்டி போடணும்.

அப்புறம் அகழ்வைப்பகம். இதுக்கு ஒரு நாள் ஒதுக்கினாலும் தகும். நடுகல்லா நட்டு வெச்சிருக்காங்க. மாடு பிடிக்கப் போயி செத்தவன், மாட்டை மீட்கப் போயி செத்தவன். கையில வில்லும் வாளும், உடம்புல அம்பு. எங்க மாவட்டத்துக் காட்டுலயும் கொல்லையிலயும் கிடந்த கல்லுங்க. பல கல்லு இன்னும் ஊர் எல்லையில சாமியா நிக்குது, பொங்கல் வாங்கிக்குது.

அந்தக் கல்லுங்களுக்கு முன்னாடி நிக்கும்போது ஒளவையோட இன்னொரு பாட்டு ஞாபகம் வந்துச்சு. புறநானூறு 232. அதியமான் செத்துட்டான். அவனுக்கு நடுகல் நட்டு, மயில் பீலி சாத்தி, சின்னக் கலத்துல கள்ளு படைக்கறாங்க. ஒளவைக்குத் தாங்கலை. மலையோட ஒரு நாட்டையே கொடுத்தாலும் வாங்கிக்காத மனுஷன், இந்தத் துளிக் கள்ளை வாங்கிக்குவானான்னு கேக்கறாங்க. நெல்லிக்கனி கதை தெரிஞ்ச நமக்கு இது ஏன் தெரியாம போச்சு? கொடுத்த கதையைப் பிடிச்சுக்கிட்டோம், இழந்த கதையை விட்டுட்டோம். அந்தக் கல்லு எதுன்னு காட்ட இன்னிக்கு யாராலயும் முடியாது. பேர் தெரியாத இத்தனை வீரனுங்க கல்லு கிடைச்சிருக்கு, ராஜாவோட கல்லு மட்டும் இல்லை.

மத்தியானம் ஒரு சின்னக் கடையில கேழ்வரகு களியும் கருவாட்டுக் குழம்பும். களியைக் கடிக்கக் கூடாது, முழுங்கணும். இதைத் தெரியாம மென்னுட்டு 'என்னங்க இது'ன்னு முழிக்கிற வெளியூர்க்காரங்களைப் பார்த்து சிரிக்கறது எங்க ஊர் வழக்கம். இரும்புச் சட்டியைப் பார்த்தப்ப மயிலாடும்பாறை ஞாபகம் வந்துச்சு. அங்க கிடைச்ச இரும்பு 4200 வருஷம் பழசுன்னு 2022ல அறிவிச்சாங்க. இன்னிக்கு அது கிருஷ்ணகிரி மாவட்டம். 2004 வரைக்கும் எங்க மாவட்டம்தான், விட்டுக் கொடுக்க மாட்டோம். தொண்டைமான் ஆயுதசாலைக்குத் தூது போன ஒளவை, 'உன் வேலெல்லாம் எண்ணெய் பூசி அழகா இருக்கு, எங்க ஆளோட வேல் முனை ஒடிஞ்சு கொல்லன் பட்டறையில கிடக்கு'ன்னு குத்தலா சொல்வாங்களே, அந்தப் பட்டறைகளுக்குப் பின்னாடி அப்பவே ரெண்டாயிரம் வருஷ அனுபவம் இருந்திருக்கு.

கடைசியா ஒண்ணு. புறநானூறு 208. பெருஞ்சித்திரனார்ங்கற புலவர் மலையெல்லாம் தாண்டி அதியமானைப் பார்க்க வர்றார். அதியமானுக்கு என்ன வேலையோ, பார்க்காமலேயே பரிசிலை மட்டும் கொடுத்து அனுப்பிட்டான். புலவர் வாங்கலை. என்னைப் பார்க்காம கொடுக்கிற பொருளை வாங்கிட்டுப் போக நான் வியாபாரி இல்லை, என்னை அறிஞ்சு கொடுத்தா தினையளவு கொடுத்தாலும் போதும்னு சொல்லிட்டார். வள்ளலையே நிக்க வெச்சுக் கேட்ட கேள்வி.

இதைப் படிச்சப்ப எனக்குக் கன்னத்துல அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. இருபது வருஷமா நான் பண்ணினதும் அதைத்தானே? ஊரைப் பார்க்காமலேயே அதோட பெருமையை மட்டும் வாங்கி ஆபீஸ்ல வித்துட்டு இருந்திருக்கேன். அந்தப் புலவர் வேண்டாம்னு சொன்ன பரிசிலை நான் வெட்கமில்லாம வாங்கிட்டேன்.

அதனால மக்களே, ஒகேனக்கல் போங்க, பரிசல்ல ஏறுங்க, மீன் சாப்பிடுங்க. திரும்பி வரும்போது ஒரு மணி நேரம் அதியமான்கோட்டையில இறங்குங்க. கோயில் நடை மத்தியானம் சாத்தியிருக்கும், காலையிலயோ சாயங்காலமோ போங்க. கூட்டம் பிடிக்கும்னா தேய்பிறை அஷ்டமி, ஓவியத்தை நிதானமா பார்க்கணும்னா வேற நாள். ஃபிளாஷ் போட்டு படம் எடுக்காதீங்க, இருக்கிற கொஞ்ச நிறமாவது நிக்கட்டும்.

போன மாசம் நண்பர் தன் பசங்களைக் கூட்டிட்டு மறுபடியும் போயிட்டு வந்தார். சின்னவன் இறங்கினதும் "கோட்டை எங்கப்பா?"ன்னு கேட்டானாம். மதுரைக்காரர் சொன்னாராம்: "நீ நின்னுட்டு இருக்கறதே கோட்டைதான்டா."